91 விரைவுத் தடங்கள்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், நெரிசல் மிகுந்த மாநில நெடுஞ்சாலை 91-இன் நடுப்பகுதியில் கூடுதலாக அமைக்கப்பட்ட சுங்கத் தடங்கள். ஆரஞ்சு மாவட்டத்தின் அனாஹைம் நகருக்கும் ரிவர்சைடு மாவட்ட எல்லைக்கும் இடையே, திசைக்கு இரண்டாக நான்கு தடங்கள், ஏறத்தாழ 16 கி.மீ. நீளத்தில் 1995 டிசம்பரில் திறக்கப்பட்டன. நெரிசலுக்கேற்ப நேரத்துக்கு நேரம் மாறும் கட்டணத்தை அமெரிக்காவில் முதலில் நடைமுறைப்படுத்திய சாலை இதுவே.

சுங்கச்சாவடி கிடையாது, முன்கண்ணாடியில் ஒட்டிய மின்னணுக் கருவி வழியே, வண்டி நிற்காமலே கட்டணம் பிடிக்கப்படும். பொதுத் தடங்களிலிருந்து இவற்றைப் பிரிப்பவை வரிசையாக நட்ட பிளாஸ்டிக் குச்சிகள் மட்டுமே. மூவரோ அதற்கு மேலோ பயணிக்கும் கார்களுக்குப் பெரும்பாலான நேரம் கட்டணமில்லை.

தனியார் நிறுவனம் கட்டி இயக்கிய இத்திட்டத்தின் பெருங்குறை அதன் ஒப்பந்தத்திலேயே இருந்தது: போட்டியாகும் என்பதால், அருகிலுள்ள இலவசத் தடங்களை அரசு விரிவாக்க முடியவில்லை. பொதுமக்களின் எதிர்ப்பு வலுத்தது. 2003-இல் ஆரஞ்சு மாவட்டப் போக்குவரத்து ஆணையம் 20.75 கோடி டாலருக்குத் தடங்களை வாங்க, அந்தத் தடை நீங்கியது. 2017-இல் இவை ரிவர்சைடு மாவட்டத்துக்குள் நீட்டிக்கப்பட்டன.