முப்பத்தைந்தில் ஒரு பங்கு

சென்ற மாதம் என் பேரன் ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டு வந்து என் எழுத்து மேஜைமேல் வைத்தான். உள்ளே ஒரு யுத்த டாங்கி இருந்தது. முழுசாக அல்ல, சட்டங்களில் கோத்த பிளாஸ்டிக் துண்டுகளாக. "தாத்தா, இதை ஒட்டணும்" என்றான். அன்றோடு கதை எழுதுவது நின்றது. சக்கரம் ஒட்டுவது ஆரம்பமாயிற்று.

ஜெர்மானியர் 1943-இல் குர்ஸ்க் போர்க்களத்தில் முதன்முதலாக இறக்கிய பாந்தர் டாங்கி அது. அதன் சக்கரங்கள் ஒன்றின் இடுக்கில் ஒன்று நுழைந்து நிற்கும். பத்துச் சக்கரம் ஒட்டுவதற்குள் ஜெர்மானிய எஞ்சினீயர்கள்மேல் எனக்கு உண்டான கோபம், எதிரிப் படைகளுக்குக்கூட இருந்திராது! பசை காய்வதற்குள் அவசரப்பட்டுப் பிடித்ததில் பீரங்கிக் கூண்டின் உச்சியில் என் கட்டைவிரல் ரேகை சாசனம்போல் பதிந்துவிட்டது.

பெட்டியில் 1/35 என்று போட்டிருந்தது. ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்றால் 1/48; மூன்றில் ஓர் அங்குலம் என்றால் 1/36. முப்பத்தைந்து எந்தக் கணக்கிலும் சேராத எண்ணாயிற்றே என்று தேடிப் போனேன். ஒரு மர அறுவை மில்லின் கதை அகப்பட்டது.

ஜப்பானில் ஷிஸுவோக்கா என்று ஒரு நகரம். 1945 ஜூன் மாதத்து ஓர் இரவில் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டு அதை எரித்தன. மறு வருஷமே அங்கே யோஷியோ தாமியா என்பவர் மர அறுவை மில் தொடங்கினார். வீடிழந்த ஊரில் மரத்துக்குக் கிராக்கி இல்லாமல் போகுமா? 1948-இல் மரத்தில் மாடல் கப்பல்களும் செய்யலானார். 1951-இல் தீ விபத்து, தொழில் நொடித்தது. பிறகு கட்டட மரத்தை விட்டு விளையாட்டு மாடல்களே கதியென்று ஆயிற்று.

அதிலும் நிம்மதி இல்லை. அமெரிக்காவிலிருந்து பிளாஸ்டிக் மாடல்கள் வந்து இறங்கவே, மர மாடலைச் சீந்துவாரில்லை. 1960-இல் கம்பெனி கடனோ உடனோ என்று துணிந்து 'யமாட்டோ' போர்க்கப்பலைப் பிளாஸ்டிக்கில் செய்தது. போட்டிக் கம்பெனி ஒன்று அதே கப்பலைக் குறைந்த விலைக்குக் கடையில் வைத்தது. கேட்க வேண்டுமா? எஃகு அச்சுக்குப் போட்ட முதல் மூழ்கிற்று. நிஜமான யமாட்டோவும் 1945-இல் மூழ்கின கப்பல்தான்.

யோஷியோவின் மகன் ஷுன்ஸாக்கு, இருபத்தைந்து வயது தாண்டிய வாலிபர், இன்னும் ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்றார். பாந்தரைத் தேர்ந்தெடுத்ததில் வீர வழிபாடு ஒன்றுமில்லை. சாய்வான தட்டைப் பலகைகளாலான உடம்பு; அச்சு வெட்டுவது சுலபம், செலவும் குறைவு. பெட்டிக்குப் படம் வரையப் பிரபல சித்திரக்காரர் ஷிகேரு கொமத்சுஸாகிக்குக் கடிதம் எழுதினார். அவரும் இசைந்தார். உள்ளே மோட்டார் வைத்து ஓடவும் செய்தார்கள். 1961-ஆம் வருஷ முடிவையொட்டிக் கடைக்கு வந்த அந்த டாங்கி சக்கைப்போடு போட்டது. மில் பிழைத்தது.

குண்டு போட்டு எரிக்கப்பட்ட ஊர்க் குழந்தைகள் டாங்கி வாங்கி விளையாடினார்களே, அவர்களுடைய தாய்மார் என்ன நினைத்திருப்பார்கள்? கதை எழுதுகிறவனுக்கு இப்படித்தான் புத்தி போகிறது. அந்தப் பெட்டியை ஆசையோடு பிரித்தவர்களில் நானும் ஒருவன் என்பதை மறைப்பதற்கில்லை.

பாந்தர் விற்ற தைரியத்தில் மற்ற தேசத்து டாங்கிகளையும் அதே அளவில் செய்ய எண்ணினார் ஷுன்ஸாக்கு. "அதே அளவு" என்றால் எந்த அளவு? பாந்தரை அளந்து பார்த்தார். அசலில் ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒரு பங்கு வந்தது. யாரும் யோசித்து வைத்த அளவல்ல அது. இரண்டு பாட்டரிகள் உள்ளே அடங்க வேண்டுமே என்று வைத்த உடம்பு! நாளடைவில் மற்ற தேசத்துக் கம்பெனிகளும் அந்த அளவையே பிடித்துக்கொண்டன.

எங்கள் டாங்கி ஒருவழியாக முடிந்தது. பேரன் அதைக் கவிழ்த்துப் பார்த்தான்.

"உள்ளே ஒண்ணுமே இல்லையே, தாத்தா?"

"அது பாட்டரிக்கு விட்ட இடமடா" என்றேன்.

"பாட்டரி எங்கே?"

இப்போது வரும் மாடல்கள் பெரும்பாலும் அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்கே. மோட்டாரும் இல்லை, பாட்டரியும் இல்லை. அதை அவனுக்குச் சொல்லிச் சமாதானம் செய்வதற்குள் காப்பி ஆறிவிட்டது.