'மேக் எண்ட்ஸ் மீட்': எந்த முனை எதைத் தொட வேண்டும்?



என்னிடம் படித்த மாணவி ஒருவர், மகனுக்குக் கட்டணச் சலுகை கேட்டு ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தைப் போன வாரம் அனுப்பினார். "சார், தப்பு இருந்தா திருத்திக் குடுங்க" என்றார். வரவும் செலவும் கட்டுபடியாகவில்லை என்று சொல்ல, 'மேக் எண்ட்ஸ் மீட்' என்ற தொடரைப் போட்டிருந்தார். பொருத்தமான தொடர்தான். ஆனால் 'மீட்' என்பதில் இரண்டு 'இ' போடாமல் 'இ', 'ஏ' போட்டிருந்தார். அது இறைச்சி! கஷ்டத்தைச் சொல்லும் வரியைப் படிப்பவர் சிரித்துவிடக் கூடாதே.

இந்தத் தொடருக்கு வயது 350-க்கு மேல். தாமஸ் ஃபுல்லர் என்ற பாதிரியார் இங்கிலாந்தின் சான்றோர்களைப் பற்றி எழுதி, அவர் இறந்தபின் 1662-இல் வெளிவந்த நூலில் இது இருக்கிறது. அப்போது 'போத் எண்ட்ஸ்', அதாவது இரண்டு முனைகளும், என்பதே வழக்கு. 'போத்' பிறகு உதிர்ந்தது.

எதன் முனைகள்? 1748-இல் ஸ்மாலெட் எழுதிய 'ரோடரிக் ரேண்டம்' நாவலில், ஆண்டின் இரண்டு முனைகள் என்றே வருகிறது. பிரெஞ்சிலும் இதே வழக்கு உண்டு. அன்றைய குடியானவருக்கு வருமானம் அறுவடையோடு வரும். பண்ணையாளுக்குப் பெரும்பாலும் ஆண்டுக் கூலி. கையில் இருப்பதை ஆண்டின் தலையிலிருந்து வால்வரை இழுத்துப் பிடிக்க வேண்டும். அதுதான் முனைகள் சந்திப்பது.

இன்னொரு செய்தி. அந்தக் காலத்தில் பலருடைய பேச்சில் 'சந்திப்பு' மீட்டும் 'இறைச்சி' மீட்டும் வேறு வேறு ஒலி. பின்னால் ஒலி ஒன்றாகிவிட்டது, எழுத்து மட்டும் பழையபடி நின்றுவிட்டது. ஆகவே தவறு மாணவியுடையது மட்டுமல்ல. இங்கிலாந்துக்காரர்களே இதில் வழுக்குகிறார்கள்.

மூன்றை மட்டும் நினைவில் வையுங்கள். 'எண்ட்ஸ்' எப்போதும் பன்மை. 'மீட்'டுக்கு முன்னால் 'டு' வராது. காலம் மாறினால் 'மேக்' மட்டுமே 'மேட்', 'மேக்கிங்' என்று மாறும், 'மீட்' மாறாது.

கடிதத்தில் ஓர் எழுத்தைத்தான் மாற்றினேன். மற்றதெல்லாம் அவர் எழுதியபடியே போயிருக்கிறது. சலுகை கிடைக்கட்டும்.