அரையணாவும் கண்ணாடி இழையும்

1854-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் இந்தியாவில் ஓர் அதிசயம் நடந்தது. அதற்கு முன்பெல்லாம் கடிதம் எத்தனை தூரம் போகிறதோ, அத்தனைக்குக் கூலி. அது முதல், கால் தோலா எடைக்குள் இருந்தால் அரையணா. அடுத்த ஊருக்குப் போனாலும் சரி, பெஷாவருக்குப் போனாலும் சரி. சமஸ்தானங்களை விழுங்கிய டல்ஹௌஸி பிரபுவை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அந்த அரையணாவுக்காக அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

டெலிபோனுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. வெகுகாலம் அது பெரிய மனிதர் வீட்டுச் சாமானாகவே இருந்தது. மற்றவர்கள் மனுப் போட்டுவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்தார்கள்.

1984-ல் சர்க்கார் ஸி-டாட் என்ற ஆராய்ச்சி நிலையத்தை ஏற்படுத்தியது. ஒரிஸ்ஸாவில் பிறந்து, அமெரிக்காவில் பொருள் சேர்த்துத் திரும்பிய ஸாம் பிட்ரோடா அதற்கு உயிர்நாடியாக இருந்தார். அயல்நாட்டு எக்ஸ்சேஞ்சு யந்திரங்கள் குளிர்ச்சியூட்டிய அறை இல்லாமல் வேலை செய்ய மாட்டா. நம் கிராமங்களிலோ மின்சாரமே விருந்தாளியைப் போலத்தான் வந்து போகும்! ஆகவே வெயிலையும் புழுதியையும் பொறுத்துக்கொள்ளும் சிறு எக்ஸ்சேஞ்சு ஒன்றை, 128 இணைப்புகளுக்கு, நம்மவர்களே செய்தார்கள். 1986-ல் அது முதன்முதலாக வேலை தொடங்கிய ஊர் கர்நாடகத்துக் கிட்டூர். ஆம், 1824-ல் ராணி சென்னம்மா கும்பினிப் படையை எதிர்த்து நின்ற அதே கிட்டூர்தான். கதை எழுதுகிறவனுக்கு இப்படிப்பட்ட பொருத்தங்கள் சர்க்கரைப் பொங்கல் மாதிரி.

பிறகு இன்டர்நெட் வந்தது. 1995 ஆகஸ்டு 15-ல் அது பொது ஜனங்களுக்குத் திறந்துவிடப்பட்டபோது, 250 மணி நேர முழு இணைப்புக்கு 15,000 ரூபாய்! மாதச் சம்பளக்காரன் பெருமூச்சு விட்டதோடு சரி. 2004-ல் சர்க்கார் ஒரு கொள்கை வகுத்தது. 2010-க்குள் 2 கோடி அகல அலைவரிசை இணைப்புகள் தர வேண்டும் என்றது. ஏறக்குறையப் பாதிதான் தேறிற்று.

2011-ல் பிறந்தது பெரிய ஆசை. இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கம்பி; செலவு 20,000 கோடி; கெடு இரண்டே வருஷம். டெலிபோன் கம்பெனிகளின் வருமானத்திலிருந்து பிடித்து வைக்கும் நிதியிலிருந்து பணம் வந்தது. திட்டம் பாரத்நெட் என்று பெயர் மாற்றிக்கொண்டு, முதல் ஒரு லட்சம் ஊராட்சிகளை எட்டியபோது 2017-ஆம் வருஷமே முடிந்துவிட்டது. ஒருவர் புதைத்த கம்பியைச் சாலை போடுகிறவர் வெட்டினார். பெட்டி இருந்த இடத்தில் மின்சாரம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கம்பி ஊராட்சி ஆபீசோடு நின்றுவிட்டது. அங்கிருந்து குடியானவன் வீட்டு வாசல் வரையுள்ள அந்தச் சொற்ப தூரத்தை யார் கடப்பது?

கேரள சர்க்கார் அந்தக் கேள்விக்குத் தானே பதில் சொல்லப் புறப்பட்டது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்று சொல்லி, 2023 ஜூனில் தொடங்கியது. முதல் தவணைக்குக் கணக்கிட்ட வீடுகள் 14,000. அதே வருஷம் ஆகஸ்டில் டில்லி சர்க்கார் பாரத்நெட்டுக்குப் புதிதாக 1,39,579 கோடி ரூபாய் ஒப்புக்கொண்டது.

சில மாதங்களுக்கு முன் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். ஊராட்சி ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் உள்ளே ஒரு பெட்டியில் பச்சை விளக்குக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. படியில் ஒரு பெண், அம்மாவின் கைபேசியை உயர உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். காலேஜுக்கு மனு அனுப்ப அன்றுதான் கடைசி நாளாம்.

"சாவி யாரிடம், அம்மா?" என்று கேட்டேன்.

"கிளார்க் சார்கிட்ட. அவர் டவுனுக்குப் போயிருக்காருங்க" என்றாள், கையைக் கீழே இறக்காமலே.