எல்லை முந்திய ஊர்: டொலார்ட்-டெஸ்-ஓர்மோவின் சமூக வாழ்வை எழுதும் முறை குறித்து

இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுபவருக்கு எங்கே தொடங்குவது என்ற தயக்கம் பெரும்பாலும் எழுவதில்லை. பங்குக் கோயில், அதன் ஞானஸ்நான, மரணப் பதிவேடுகள், நிலக்கிழாரின் மாளிகை, பொதுப் புல்வெளி ஆகியவை அவருக்காகக் காத்திருக்கின்றன. 1899இல் தொடங்கிய விக்டோரியா கவுண்டி வரலாற்று வரிசை இந்த அடுக்கில்தான் ஊர்களை விவரித்தது. நிலத்தோற்றத்தையே ஆவணமாகப் படிக்கலாம் என்று 1955இல் காட்டிய டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ் இந்த மரபைச் செழுமைப்படுத்தினார். ஆனால் அதன் அடிப்படைக் கேள்வி மாறவில்லை. ஓர் எல்லைக்குள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் யார் என்பதே அக்கேள்வி. கனடாவின் கியூபெக் மாகாணத்தில், மொன்றியல் தீவின் மேற்கிலுள்ள டொலார்ட்-டெஸ்-ஓர்மோவுக்கு இது போதாது என்பது இக்கட்டுரையின் வாதம். அங்கே நகர எல்லை, பள்ளி, வழிபாட்டிடம் ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு கூட்டங்களை உருவாக்கியுள்ளன. குடியிருப்போரை மட்டும் எண்ணினால் முதற்கூட்டம் மட்டுமே கண்ணில் படும்.

ஏறத்தாழ 15 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இந்நகருக்கு ஆற்றங்கரை இல்லை. பிரெஞ்சுக் குடியேற்றக் காலத்தில் நிலம் ஆற்றிலிருந்து உள்நோக்கி நீளும் பட்டைகளாகப் பகுக்கப்பட்டது. வீடும் கோயிலும் கரையோரம், விளைநிலம் பின்னால். பிரெரி ஆற்றங்கரையில் இருந்த சேன்-ஜெனவியேவ் பங்கின் பின்வயல்களே 1924இல் தனி நகராட்சியாயின. கோயிலும் அதைச் சூழ்ந்த பழைய ஊரும் வெளியே நிற்க, வயல்களுக்கு மட்டும் ஒரு பெயரும் ஓர் எல்லையும் கிடைத்தன. ஊர் பிறக்குமுன் எல்லை பிறந்துவிட்டது.

அந்தப் பெயரும் அக்காலத்தின் அரசியல்தான். 1660இல் ஒட்டாவா ஆற்றின் லோங்-சோ விரைவோட்டத்தருகே இரொக்குவா பூர்வகுடிப் படையுடன் மோதி மடிந்த ஆடம் டொலார்டை, 1910களிலும் 20களிலும் லியோனெல் க்ரூல் போன்ற தேசியவாதிகள் பிரெஞ்சுக் கனடாவின் தியாக நாயகனாக உயர்த்தினர். லாஃபொன்டேன் பூங்காவில் 1920இல் அவருக்குச் சிலை எழுந்தது. டொலார்ட் குடியேற்றத்தைக் காக்கப் போனாரா, இரொக்குவாக்களின் தோல்மூட்டைகளைப் பறிக்கப் போனாரா என்று பின்னாளைய வரலாற்றாசிரியர்கள் கேட்டனர். அந்த விவாதத்தில் இந்நகருக்குப் பங்கில்லை. பிரெஞ்சு வீரரின் பெயர்ப்பலகையின் கீழ் ஆங்கிலம் பேசும் புறநகர் ஒன்று வளர்ந்ததுதான் இங்கு கவனிக்க வேண்டியது.

அந்த வளர்ச்சி 1960க்குப் பிறகானது. அவ்வாண்டுதான் அது நகரத் தகுதி பெற்றது. 40ஆம் இலக்க நெடுஞ்சாலை, அருகிலிருந்த ரொக்ஸ்பரோ ரயில் நிலையம், மலிவான விளைநிலம் ஆகியவை சேர்ந்து வயற்பட்டைகளை வளைந்து நெளியும் தெருக்களாக்கின. யூதர், கிரேக்கர், இத்தாலியர், பின்னர் தெற்காசியர், அரபு மொழியினர் எனப் பலர் வந்தனர். 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 48,403. கடைத்தெரு கிடையாது, சோர்ஸ், சேன்-ஷான் பெருஞ்சாலைகளின் வணிகத் தொகுதிகள் உண்டு. மையம் என்று சொல்லத்தக்கது டி சலபெரி சாலையிலுள்ள நகர மண்டபமும் நூலகமும் பனிச்சறுக்கு அரங்கும் அமைந்த வளாகமே.

இத்தகைய இடத்தில் ஊர்ப்பற்று இருக்குமா என்று ஐயுற்றவர்களுக்கு 2004 பதில் சொன்னது. 2002 ஜனவரி 1 அன்று கியூபெக் அரசு தீவின் எல்லா நகராட்சிகளையும் ஒரே மொன்றியலாக இணைத்திருந்தது. ஆட்சி மாறியபின் 2004 ஜூன் 20 அன்று வாக்கெடுப்பு நடந்தது. பிரிவதற்குப் பெரும்பான்மை மட்டும் போதாது; பதிவு பெற்ற வாக்காளர்களில் 35 விழுக்காட்டினரேனும் ஆதரித்திருக்க வேண்டும். டொலார்ட்-டெஸ்-ஓர்மோ அந்தத் தடையைத் தாண்டி, 2006 ஜனவரி 1 முதல் மீண்டும் தனி நகரமானது. 1924இல் அது பிரிந்துவந்த சேன்-ஜெனவியேவ், பழைய கோயிலும் ஊரும் உள்ள அந்த இடம், மொன்றியலுக்குள்ளேயே தங்கிவிட்டது. பழமைதான் ஊர்ப்பற்றைத் தரும் என்ற எண்ணத்தை இந்தத் தலைகீழ் நிலை கேள்விக்குள்ளாக்குகிறது. பனி அகற்றுதல், நூலக நேரம், இருமொழி அறிவித்தல் போன்ற அன்றாட நிர்வாகமே நாற்பது ஆண்டுகளில் ஒரு குடிமைக் கூட்டத்தை உருவாக்கியிருந்தது. பொலிஸ், தீயணைப்பு, பொதுப் போக்குவரத்து இன்றும் தீவு முழுவதற்குமான கூட்டவையிடமே உள்ளன. வரியில் பெரும்பங்கு அங்கே போவதாக நகரசபைகள் குறைப்படுவது ஓயவில்லை.

ஆனால் இந்தக் கூட்டம் பள்ளிக்கூட வாசலில் பிளவுபடுகிறது. 1977இன் 101ஆம் சட்டப்படி குடியேறியோரின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கே செல்ல வேண்டும். பெற்றோரில் ஒருவர் கனடாவில் ஆங்கிலவழிக் கல்வி பெற்றிருந்தால்தான் பொதுவாக விலக்கு உண்டு. எண்பதுகளில் வந்த ஈழத்தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை பிரெஞ்சில் படித்து வளர்ந்தார். இன்று அவர் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வீடு வாங்கி, அயலவருடன் ஆங்கிலத்தில் பேசினாலும், அவருடைய பிள்ளைக்கு அந்த விலக்கு கிடைப்பதில்லை. வேலிக்கு அப்பாலுள்ள பிள்ளை லெஸ்டர் பி. பியர்சன் ஆங்கிலப் பள்ளிச்சபையின் பேருந்தில் ஏறும். இந்தப் பிள்ளை மார்கரிட்-பூர்ஷுவா பள்ளிச் சேவை மையத்தின் பிரெஞ்சுப் பள்ளிக்குப் போகும். இங்கிலாந்துச் சிற்றூரில் ஒரே பள்ளிக்கூடம் ஊரை ஒன்றாக்கியது என்றால், இங்கே தெருவைப் பிரிப்பது பெற்றோரின் கல்விச் சான்றிதழ்.

மூன்றாவது கூட்டமே மிகவும் கவனம் வேண்டுவது. 1983க்குப் பின் வந்த ஈழத்தமிழர் முதலில் தங்கியது கோட்-டெ-நேஜ், பார்க்-எக்ஸ்டென்ஷன் பகுதிகளின் வாடகை வீடுகளில். 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 பேரில் ஒரு பகுதியினரும் மொன்றியலுக்கே வந்தனர். ஆனால் கியூபெக் சைவ மிஷனின் திருமுருகன் ஆலயம் அந்த வாடகைத் தெருக்களில் எழவில்லை. டொலார்ட்-டெஸ்-ஓர்மோவின் தெற்கு ஓரத்தில், சேன்-ரெஜிஸ் சாலையில், கிடங்குகளும் பட்டறைகளும் உள்ள வட்டாரத்தில் எழுந்தது. காரணங்களை ஊகிப்பது கடினமல்ல: பெரிய மனை, நெடுஞ்சாலை, வாகனத் தரிப்பிடம், தவில் நாதஸ்வர ஓசைக்கு முறையிட அயல்வீடு இல்லாமை. இந்துக்களின் இன்னொரு கோயிலான இந்து மந்திரும் இதே நகரில், கெஸ்மார்க் தெருவில் உள்ளது.

கோடையில் தேர் இழுக்கும் நாளில் வடம் பிடிப்பவர்களில் பலர் இந்நகரின் வாக்காளர்கள் அல்லர். லாசாலிலிருந்தும் லாவாலிலிருந்தும் தீவின் நடுப்பகுதியிலிருந்தும் வருகிறார்கள்; மாலையில் திரும்பிவிடுகிறார்கள். நகரசபையின் பார்வையில் இவர்கள் வெறும் போக்குவரத்து. ஆண்டில் அதிகம் பேரை அங்கே கால்நடையாகக் கூட்டும் நாள்களுள் அதுவும் ஒன்று என்பது அந்தப் பார்வைக்குள் அடங்குவதில்லை.

யாழ்ப்பாணத்தில் மட்டும் என்ன, நல்லூருக்கும் செல்வச்சந்நிதிக்கும் வெளியூரார் வரவில்லையா என்று கேட்கலாம். வந்தார்கள். ஆயினும் அங்கே கோயில் என்பது இடத்தோடும் உரிமையோடும் கட்டுண்டது. நல்லூரின் நிருவாகம் மாப்பாண முதலியார் பரம்பரையிடம் இருக்கிறது. பல கோயில்களில் திருவிழா உபயங்கள் குறிப்பிட்ட குடும்பங்களுக்கோ சாதியினருக்கோ உரியவை. யார் உள்ளே வரலாம் என்பதே போராட்டமானது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தை மறந்துவிட்டு யாழ்ப்பாணத்து ஊரொற்றுமையைப் பாடுவது நேர்மையாகாது. புலம்பெயர் கோயிலோ சங்கமாகப் பதிவு பெற்று, சந்தாவிலும் நன்கொடையிலும் நடப்பது. உபயத்தைப் பெரும்பாலும் முன்பதிவு செய்துகொள்ளலாம். சாதி இதனால் மறைந்தது என்று நான் சொல்லவில்லை; திருமணப் பேச்சில் அது நன்றாகவே உயிரோடிருக்கிறது. கோயிலுக்கும் குடியிருப்புக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்தது என்பது மட்டுமே என் கூற்று. அடியாரின் முகவரி இனி கோயிலின் ஊரைச் சொல்லாது.

இந்த வேறுபாடு நகரக் கணக்கேட்டிலும் தெரியும். கியூபெக் சட்டப்படி பொது வழிபாட்டிடத்துக்குச் சொத்துவரி இல்லை. ஆக நகரத்துக்கு வரி தராத நிலத்தில், நகரத்தில் வாக்கில்லாத பலர் கூடுகிறார்கள். இதைச் சுமை என்று கொள்ளும் வாதம் புறநகர் அரசியலில் எளிதில் எழக்கூடியது. வரலாற்றாசிரியரும் அதே கண்ணால் பார்த்தால், 1924, 1960, 2006 என மூன்று தேதிகளில் ஊரின் கதை முடிந்துவிடும். தமிழர் ‘பன்முகப் பண்பாடு’ என்ற பின்னிணைப்பில் ஒரு புகைப்படமாவார்கள்.

அப்படி நேராமல் இருக்க ஆவணத் தேர்விலேயே மாற்றம் தேவை. நகரசபைக் கூட்டக் குறிப்புகளோடு கோயில் சங்கத்தின் பொதுக்கூட்டக் குறிப்புகளும், திருவிழா உபயப் பட்டியல்களும், வீதி மூடுவதற்கான விண்ணப்பங்களும் ஒருசேரப் படிக்கப்பட வேண்டும். முதலாவது வகை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்கிறது; நகர நூலகத்தில் கேட்டால் கிடைக்கும். மற்றவை பெரிதும் தமிழில், நிருவாகம் கைமாறும்போதெல்லாம் தொலையும் நிலையில் உள்ளவை. எண்பதுகளில் வந்த முதல் தலைமுறையினர் இப்போது முதுமையில் இருக்கிறார்கள். சேகரிப்பை அவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும்.