நிழல் மலையும் வெயில் மலையும்

கம்பத்தில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் விடியற்காலையில் நின்றுகொண்டிருந்தேன். மேற்கே, கேரள எல்லை மலையின் முகடுகள் பொன்வெயிலில் குளித்துக்கொண்டிருந்தன. கிழக்கே மேகமலைப் பக்கம் இன்னும் கருநிழலுக்குள் முடங்கிக் கிடந்தது. மாலையில் நிலைமை தலைகீழாகிவிடும். சீன வைத்தியர்கள் ‘யின்’, ‘யாங்’ என்கிறார்களே, அந்தச் சொற்களுக்கு ஆதிப் பொருள் இதுதான்: மலையின் நிழல் பக்கம், வெயில் பக்கம். பிற்பாடுதான் அவை குளிர்ச்சியும் உஷ்ணமுமாக விரிந்தன. உடம்பில் அவ்விரண்டும் ஒன்றையொன்று மிஞ்சாமல் நிற்பதே ஆரோக்கியம் என்ற சித்தாந்தமும் பிறந்தது.

பலகாரத்தோடு பன்னீர்த் திராட்சையும் வந்தது. “திராட்சை குளுமை தம்பி, ரெண்டு மிளகை வாயில போட்டுக்கங்க” என்றார் வீட்டு அப்பத்தா. இந்த இடத்தில் சிலர், போகர் சீனத்துக்குப் போன கதையை எடுத்துவிடுவார்கள். எனக்கு அந்தச் சொந்தம் கொண்டாட ஆசையில்லை. சீனர்கள் இரண்டை எண்ணினார்கள். நம்மவர்களோ வாதம், பித்தம், கபம் என்று மூன்றை எண்ணினார்கள். கணக்கே வேறு.

என் நினைவு மலைக்கு மேலே போயிற்று. 1887-ல் தொடங்கி 1895-ல் திறக்கப்பட்ட பெரியாறு அணையைக் கட்டப் போன கூலியாட்களில் எத்தனையோ பேர் மலேரியாவிலும் காலராவிலும் மாண்டார்கள். மலேரியாவுக்கு நம் ஜனங்கள் வைத்த பெயர் குளிர்காய்ச்சல். முதலில் பல் கிட்டிப்போகும் குளிர். அப்புறம் உடம்பே அடுப்பாகிவிடும். நிழலும் வெயிலும் ஒரே உடம்பில் முறை வைத்து வருகின்றன! சமநிலைத் தத்துவத்துக்கு இவ்வளவு பொருத்தமாக வேறு நோய் கிடைக்காது. ஆனால் பொருத்தம் பார்த்தா உயிர் போகிறது? நோய்க்கிருமி கொசுவின் வயிற்றில் இருப்பதை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டதே 1897-ல்தான். அணை திறந்து இரண்டு வருஷமாகிவிட்டது.

மருந்து ஒன்று சீனத்திலிருந்தே வந்தது என்பதுதான் விசித்திரம். நாலாம் நூற்றாண்டில் கோ ஹோங் என்பவர், முறைக்காய்ச்சலுக்குச் ‘சிங்ஹாவ்’ பச்சிலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும்படி எழுதிவைத்திருந்தார். காய்ச்சச் சொல்லவில்லை! தூ யூயூ என்ற அம்மையார் அந்த இடத்தில்தான் விழித்துக்கொண்டார். கொதிக்கவைத்தால் குணம் கெடுகிறது போலும் என்று, குறைந்த சூட்டிலேயே ஆவியாகும் ஈதரில் சாறு எடுத்தார். 1971-ல் அது எலிகளிடம் பலித்தது. ஆர்டிமிசினின் கிடைத்த வழி இது. 2015-ல் அவருக்கு நோபல் பரிசும் வந்தது.

அதற்கு வெகுமுன்பே, 1972-ல், நோயாளிகளுக்குக் கொடுக்குமுன் அந்தச் சாற்றை அவரும் சகாக்களும் முதலில் தாங்களே உட்கொண்டு பார்த்தார்கள்.