தூண்டில்காரர்களின் பூச்சிக் கணக்கு

இங்கிலாந்தின் ஆறுகளில் டிரவுட் மீன் பிடிக்கும் பருவம் பெரும்பாலும் மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ தொடங்கும். (ஊட்டிப் பக்கம் அவலாஞ்சி ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டார்களே, அந்தக் குடும்பத்து மீன்தான்.) தண்ணீரில் குளிர் விட்டிருக்காது, கரை மரங்கள் சரியாகத் துளிர்த்திருக்காது. மீனுக்கு இரையாகும் ஈக்கள் நீருக்கடியில் புழுப்பருவத்தில் வளர்பவை. வசந்தத்தின் தொடக்கத்தில் அவை நடுப்பகலை ஒட்டிச் சிறிது நேரம் மட்டுமே மேலெழுந்து, சிறகு விரித்துப் பறக்கும். அதைத் தவறவிட்டால் அன்றைய பொழுது பெரும்பாலும் வீண்தான். ஈ எழும் நேரத்தைக் கடிகாரம் சொல்லாது. கல்லில் நிற்கும் வாலாட்டிக் குருவி திடீரென்று பரபரப்பதும், ஆப்பிரிக்காவிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்த மண் தகைவிலான்கள் நீர்மட்டத்தை ஒட்டிச் சுற்றுவதும்தான் சொல்லும். தூண்டில்காரர் பறவை பார்ப்பதும் பூச்சி பார்ப்பதும் மீன் சிக்காத நேரத்துப் பொழுதுபோக்கு என்று பலரும் எழுதுவதுண்டு. அப்படிச் சொல்வது தொழிலின் பாதியை விட்டுவிடுவதாகும். ஆற்று உயிர்களைப் பற்றி அந்த நாட்டார் தெரிந்துவைத்திருப்பதில் கணிசமான பங்கு, மீனை ஏமாற்றிப் பிடிக்க வேண்டும் என்ற சுயநலத்திலிருந்து வந்தது என்பதே என் கட்சி.

பழைய சான்று 1496ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வின்கின் டி வர்டு அச்சிட்ட தூண்டில் நூலில், கம்பளி நூலும் இறகும் கொண்டு கட்டும் 12 போலி ஈக்களுக்குச் செய்முறை இருக்கிறது. மாதவாரியான அந்த வரிசை மார்ச்சில்தான் ஆரம்பிக்கிறது. பூச்சிகளுக்கு லின்னேயஸ் முறையாகப் பெயர் சூட்ட இன்னும் இரண்டரை நூற்றாண்டு இருந்தது. எந்த ஈ எந்த மாதத்தில் வரும் என்ற கணக்கோ அதற்குள் அச்சிலேயே வந்துவிட்டது. அந்தக் கணக்கை அறிவியலோடு இணைத்தவர் ஆல்ஃபிரட் ரொனால்ட்ஸ். ஸ்டாஃபோர்ட்ஷயரில் பிளைத் ஆற்றங்கரையில் குடில் ஒன்று கட்டி, உள்ளே மறைந்திருந்து டிரவுட்டைப் பார்த்தவர் அவர். பக்கத்தில் துப்பாக்கி வெடிக்கச் செய்து மீன் மிரள்கிறதா என்று சோதித்தார், மீன் அசைந்துகொடுக்கவில்லை. செத்த ஈக்களில் மிளகாய்ப் பொடியும் கடுகும் தடவி, குழாய் வழியாக ஊதி மீனுக்கு முன்னால் விழச் செய்தார். மீன் அவற்றையும் கவ்வியது. சிலவற்றைச் சிறிது பொறுத்துத் துப்பியது. மீனின் ருசியறிவை இப்படியும் அளக்கலாம் என்று தோன்றியதே, அதைச் சொல்ல வேண்டும்! 1836இல் வெளிவந்த அவருடைய நூலில் உயிருள்ள ஈயின் வண்ணப்படமும் அதற்கான போலி ஈயும் அருகருகே இருந்தன; அறிவியல் பெயரும் உடனிருந்தது. தூண்டில் பிடிப்பவர்களுக்கென்று எழுதிய நூல்தான். பூச்சியியல் நூலாகவும் அது நின்றது.

தனக்கு வேண்டியதை மட்டும் தேடுகிறவனின் கண்ணை நம்பலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஃபிரெடரிக் ஹால்ஃபர்டு 1886இல் மிதக்கும் ஈயைப் பற்றி நூல் எழுதிய பிறகு, நீர்மேல் மிதக்கும் போலி ஈயால் பிடிப்பதே முறை, மற்றதெல்லாம் கண்ணியக்குறைவு என்ற கொள்கை தென் இங்கிலாந்தின் சுண்ணாம்பு ஆறுகளில் மதம்போல் பரவியது. ஜி.இ.எம். ஸ்கியூஸ் என்ற வழக்கறிஞர், எலும்புக்குள்ளிருக்கும் மஜ்ஜையைத் தோண்டும் ஒடுங்கிய கரண்டியைப் பிடித்த மீனின் தொண்டைவழி விட்டு, வயிற்றிலிருந்ததை எடுத்து நீரில் அலசிப் பார்த்தார். நீருக்குள்ளேயே பிடிபட்ட, சிறகு விரியாத இளம்பூச்சிகள் அதில் ஏராளமாக இருந்தன. 1910இல் அவர் இதை நூலாக்கினார், சண்டை ஓயவில்லை. 1938இல் லண்டன் ஃபிளைஃபிஷர்ஸ் கிளப்பில் இதற்கென்றே ஒரு விவாதம் வைத்தார்கள். ஆசை கண்ணை மறைக்கும் என்பதற்கு ஹால்ஃபர்டின் சீடர்கள் சாட்சி. ஆனால் அவர்களைத் திருத்தியதும் அதே ஆசைதான். தப்பான ஈயைக் கட்டினால் மீன் வராது. இப்படி அன்றன்றைக்கே பரீட்சை நடக்கிற இயற்கை ஆய்வுகள் அதிகமில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு வேறொன்று. டிரவுட்டைக் காக்கிறோம் என்று சொல்லி நாரைகளைச் சுட்டார்கள். நீர்நாய்களை நாய்க் கூட்டம் விட்டு வேட்டையாடினார்கள். ஈ கட்ட இறகு வேண்டுமென்று பறவைகளும் செத்தன. இதை மழுப்ப நான் தயாரில்லை. உயிர்களைக் கவனித்தவர்கள் எல்லாம் உயிர்கள்மேல் இரக்கம் கொண்டவர்கள் என்று நான் வாதாடவும் இல்லை. அறிவும் கருணையும் வேறு. நீர்நாய் விஷயத்தில் இது பளிச்சென்று தெரியும்: அவற்றின் எண்ணிக்கை சரியத் தொடங்கியது 1950களின் பிற்பாதியில் என்று பின்னாளில் ஆய்வாளர்கள் கண்டது வேட்டைக் குழுக்களின் பதிவேடுகளைப் புரட்டித்தான். விதைகளில் பூசிய டீல்ட்ரின் போன்ற பூச்சிக்கொல்லிகள் புழக்கத்துக்கு வந்த காலத்தோடு அது பொருந்தியது. கொல்வதற்காக எழுதிய கணக்கு, வேறொரு கொலையைக் காட்டிக்கொடுத்தது.

இது சீமான்களின் விளையாட்டு என்பதும் உண்மையே. நல்ல ஆறுகள் அவர்கள் கையில் இருந்தன. ஆனால் ஆண்டு முழுதும் ஆற்றோடு கிடந்தவர்கள் சம்பளத்துக்கு வேலை பார்த்த காவலர்கள். 1822இல் தொடங்கிய ஹவுட்டன் கிளப், டெஸ்ட் ஆற்றில் 1887இல் வில்லியம் லன் என்பவரைக் காவலராக்கியது. சில இன ஈக்களின் பெட்டைகள் நீருக்குள் இறங்கி, மரக்கட்டைகளின் அடிப்பக்கத்தில் முட்டையிடுவதையும், ஊர்ந்து திரியும் காடிஸ் என்ற பூச்சியின் புழுக்கள் அந்த முட்டைகளைத் தின்றுவிடுவதையும் லன் கவனித்தார். மிதக்கும் பலகைகளைக் கயிற்றில் கட்டி ஆற்றில் விட்டார். ஈக்கள் அவற்றின் அடியில் முட்டையிட்டன. தரையில் ஊர்கிற புழுவால் மிதக்கும் பலகையை எட்ட முடியவில்லை. ஆற்றில் ஈக்கள் பெருக வழி செய்த இந்த மனிதரைப் பற்றி 1934இல் ஜே.டபிள்யூ. ஹில்ஸ் ஒரு புத்தகமே எழுதினார். மற்ற காவலர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை; அவர்கள் கண்டது எசமானர்களின் நூல்களில் பெயரில்லாமல் கலந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இதெல்லாம் பழங்கதை, ஆற்று நீரைச் சோதிக்க இப்போது கருவிகள் இருக்கின்றனவே என்பார்கள். கருவி, தண்ணீர் எடுத்த நேரத்து நிலையைச் சொல்லும்; நஞ்சு ஓடிப்போன பிறகு எடுத்த தண்ணீர் சுத்தமாகவே இருக்கலாம். ஆற்றடியில் மாதக்கணக்கில் வாழும் பூச்சி இல்லாமல் போயிருந்தால் அந்த இன்மை மறையாது. இன்று பிரிட்டனில் பயிற்சி பெற்ற தூண்டில்காரர்களும் பிற தன்னார்வலர்களும் குறித்த இடத்தில் ஆற்றில் இறங்கி, மூன்று நிமிடம் காலால் அடிக்கற்களைக் கிளறி, கலங்கி வருவதை வலையில் பிடித்து, எட்டு வகை உயிர்களை எண்ணி எழுதுகிறார்கள். எண்ணிக்கை ஒரு வரம்புக்குக் கீழே போனால் சுற்றுச்சூழல் அதிகாரிகளுக்குத் தகவல் போகும். 2013 ஜூலையில் மார்ல்பரோ ஊருக்குக் கீழே கென்னட் ஆற்றில் இப்படி எண்ணப்போனவர்களுக்குத்தான் நன்னீர் இறால்கள் செத்துப்போயிருந்தது தெரிந்தது. குளோர்பைரிஃபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கழிவுநீர் நிலையத்தின் வழியே ஆற்றுக்குள் வந்திருந்தது. ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தூரத்துக்குப் பூச்சியினங்கள் அழிந்திருந்தன. மீன்கள் சாகவில்லை.