ஊர் திரும்பிய வினாப்பட்டியல்

1857ஆம் ஆண்டு கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்களோடு ஒருசேர நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம், தன் முதல் அரை நூற்றாண்டில் பாடம் நடத்தும் இடமாக இருக்கவில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு, இணைப்புக் கல்லூரிகளில் படித்தவர்களுக்குத் தேர்வு வைத்துப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே அது இயங்கியது. ஆகவே பல்கலைக்கழகத்துக்கும் மாணவருக்கும் இடையிலான உறவு தேர்வுக் கூடத்தில் தொடங்கிப் பட்டமளிப்பு விழாவில் முடிந்துவிடுவதாகவே இருந்தது. பல்கலைக்கழகங்கள் தாமே ஆசிரியர்களை நியமித்து ஆராய்ச்சி நடத்த வழிசெய்த 1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டத்துக்குப் பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. 1914இல் இந்திய வரலாறு, தொல்லியல் துறைக்கு எஸ். கிருஷ்ணசாமி ஐயங்காரும், அடுத்த ஆண்டின் இறுதியில் இந்தியப் பொருளியல் துறைக்கு கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயரும் முதல் பேராசிரியர்களாக அமர்ந்தனர். இவற்றுள் இரண்டாவது நியமனம், ஒரு துறையையும் அதன் மாணவர்களையும் சில கிராமங்களையும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் ஒரே இழையில் கோத்துவைத்த வழக்கத்துக்கு வித்தாக அமைந்தது.

ஸ்லேட்டர் சென்னைக்கு வந்தபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. தொழிலாளர் கல்விக்கென ஆக்ஸ்ஃபோர்டில் நிறுவப்பட்ட ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக அவர் 1909 முதல் 1915 வரை பணியாற்றியிருந்தார். அதற்கும் முன்னர், 1907இல், இங்கிலாந்தின் உழவர்கள் கூட்டாக அனுபவித்துவந்த பொதுவயல்கள் தனியார் உடைமையாக வேலியடைக்கப்பட்ட வரலாற்றை ஒரு நூலாக எழுதியிருந்தார். நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது, போனபின் உழுபவன் என்ன ஆகிறான் என்ற கேள்வியில் தோய்ந்த ஒருவருக்கு, ஆங்கிலப் பாடநூல்களின் ஆலைகளையும் வங்கிகளையும் வரிபிசகாமல் ஒப்பித்துவிட்டுத் தம் ஊர் ஏரியின் மடைமுறையைப் பற்றி எழுத அறியாத மாணவர்கள் பெருங்குறையாகத் தெரிந்ததில் வியப்பில்லை. பொருளியல் படிப்பைக் கிராமத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்த அவர், நிலம், நீர்ப்பாசனம், பயிர், கால்நடை, கூலி, கடன், சாதி, வீடு எனப் பலவற்றையும் தழுவிய ஒரு வினாப்பட்டியலை வகுத்து, விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர்களிடம் கொடுத்தனுப்பினார்.

1916, 1917ஆம் ஆண்டுகளில் மாணவர்கள் எழுதிக் கொண்டுவந்த அறிக்கைகளைத் தொகுத்து, 1918இல் ‘சில தென்னிந்தியக் கிராமங்கள்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஸ்லேட்டர் ஆங்கிலத்தில் வெளியிட்டார். மலபார், தெலுங்குப் பகுதிகளின் ஊர்களும் அதில் உண்டு என்றாலும், பிற்கால ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப நாடிச் சென்றவை ஐந்து தமிழ்க் கிராமங்களே: அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தின் வடமலைபுரம், திருநெல்வேலியின் கங்கைகொண்டான், தஞ்சாவூரின் பாலக்குறிச்சி, வட ஆர்க்காட்டின் தூசி, தென் ஆர்க்காட்டின் இருவேல்பட்டு. இவை புள்ளியியல் முறைப்படி பொறுக்கியெடுத்த மாதிரிகள் அல்ல. மாணவனின் சொந்த ஊர் என்பதே ஓர் ஊர் நூலில் இடம்பெறப் போதிய தகுதியாக இருந்தது. ஆனால் தூசிக்குப் பாயும் மாமண்டூர் ஏரி பல்லவர் காலத்துப் பழைமை உடையது, கங்கைகொண்டான் சிற்றாற்றங்கரையில் இருப்பது, பாலக்குறிச்சி காவிரிக் கழிமுகத்தின் வாய்க்கால் நீரை நம்பியது, வடமலைபுரம் மானாவாரியும் கிணறும் சார்ந்த வறண்ட கரிசல் நாட்டைச் சேர்ந்தது என்று பார்க்கும்போது, தற்செயலாகச் சேர்ந்த இந்த ஐந்து ஊர்களுக்குள் தமிழக வேளாண்மையின் முக்கியமான நீர்நிலை வேறுபாடுகள் பலவும் அடங்கிவிட்டன.

சொந்த ஊரை ஆராய்ந்ததில் பெரிய ஆதாயமும் அதே அளவுக்குப் பெரிய குறையும் இருந்தன. ஒரு ‘வேலி’ நிலம் என்பது இருபது ‘மா’, அதாவது ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர் என்பதையும், பன்னிரண்டு மரக்கால் கொண்ட ‘கலம்’ என்னும் நெல்லளவு ஊருக்கு ஊர் மரக்காலின் கொள்ளளவைப் பொறுத்து மாறும் என்பதையும் வெளியூரான் தட்டுத்தடுமாறித்தான் அறிய முடியும். ஊர்ப்பிள்ளைக்கோ அது தாய்மொழிபோல் வரும். மறுபுறம், அக்காலத்தில் கல்லூரி வரை வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நிலமுள்ள, உயர்ந்தவை எனக் கருதப்பட்ட சாதிகளின் வீட்டுப் பிள்ளைகள். அவர்களால் அக்கிரகாரத்தின் கடன்கணக்கை உள்ளிருந்தே எழுத முடிந்தது. சேரியின் உலைப்பானையில் என்ன வெந்தது என்பதை எழுத, அவர்கள் அதுவரை நடந்திராத தெருவுக்குள் நடக்க வேண்டியிருந்தது. 1916இன் அறிக்கைகளைப் படிக்கும் எவரும் இந்தப் பார்வைக் கோணத்தை மனத்தில் இருத்தியே அவற்றின் எண்களை எடுத்தாள வேண்டும்.

அப்படியிருந்தும், கண்ணை மூடிக்கொள்ள முடியாத சில உண்மைகள் அந்தப் பக்கங்களில் பதிந்துவிட்டன. அவற்றுள் தலையாயது இருவேல்பட்டின் ‘படியாள்’ முறை. அளந்து கொடுக்கும் தானியப் படிக்காக ஒரே முதலாளியிடம் கட்டுண்டு உழைப்பவர் படியாள். பெரும்பாலும் திருமணச் செலவுக்கென வாங்கிய சிறு தொகையே அவரைப் பிணைத்தது, கடன் தீராமையால் தந்தையின் பிணைப்பு மகன் மேலும் இறங்கியது. ஊரின் நிலத்தில் பெரும்பகுதியை வைத்திருந்த ரெட்டியார் குடும்பத்தின் இல்லத்துக்கு ஊரார் வைத்த பெயர் ‘பெரிய வீடு’. அந்த இரண்டு சொற்களில் ஊரின் அதிகார அமைப்பு முழுவதும் அடங்கியிருந்தது.

ஸ்லேட்டர் 1921இல் பேராசிரியர் பதவியை விட்டு விலகினார். ஓர் ஆசிரியர் போனதும் அவர் தொடங்கிய வேலை காகிதக் கட்டாகிப் பரணில் ஏறுவதே வழக்கமாக இருக்க, சென்னைப் பொருளியல் துறையில் அது நேரவில்லை. 1927 முதல் அப்பேராசிரியர் பதவியில் இருந்த பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணனுடன் சேர்ந்து 1936–37இல் அதே ஊர்களுக்கு ஆய்வாளர்களை அனுப்பி, 1940இல் மறு ஆய்வு நூலை வெளியிட்டார். ‘மறு ஆய்வு’ என்பது முன்பு ஆராய்ந்த அதே இடத்தை, ஒப்பிடத்தக்க கேள்விகளோடு, காலம் கடந்து மீண்டும் ஆராய்வதாகும். அந்த இருபது ஆண்டு இடைவெளியில் உலகப் பெருமந்தம் வந்து நெல்விலை ஏறத்தாழ பாதியாகச் சரிந்திருந்தது. விலை ஏறியிருந்த காலத்தில் வாங்கிய கடனை விலை விழுந்த காலத்தில் அடைக்க இரு மடங்கு நெல் தேவைப்பட்டது. வேளாண் கடன் பற்றிய சத்தியநாதன் அறிக்கை 1935இலும், ராஜாஜி அமைச்சரவையின் வேளாண்மையோர் கடன் நிவாரணச் சட்டம் 1938இலும் வந்தன என்பதை நினைவிற்கொண்டால், தாமஸின் நூல் எத்தகைய நெருக்கடியின் நடுவே எழுந்தது என்பது விளங்கும்.

1961இல் ஆக்ஸ்ஃபோர்டின் மார்கரெட் ஹாஸ்வெல் இருவேல்பட்டை ஆராய்ந்து 1967இல் நூலாக்கினார். வழக்கத்துக்கு முழு உயிர் திரும்பியதோ 1980களில்தான். மாகாணத்துக் கல்லூரிகளில் படித்தவரும், தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவரும், யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்தவருமான மால்கம் ஆதிசேஷையா, ஊர் திரும்பி 1971இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவினார். 1975 முதல் மூன்றாண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார். பழைய மாணவர் ஒருவர் தம்மை வளர்த்த கல்விமரபுக்கு ஆற்றக்கூடிய கைம்மாறுகளில் இதற்கு இணையானவை மிகச் சில. தமிழக அரசின் நிதித்துறைச் செயலராக இருந்துவிட்டு அந்நிறுவனத்துக்கு வந்த எஸ். குகன், ஸ்லேட்டரின் ஊர்களை மீண்டும் ஆராயும் பணியில் முன்னின்றார். ஜோன் மென்ச்சருடன் இருவேல்பட்டைப் பற்றியும், தனியாகப் பாலக்குறிச்சியைப் பற்றியும் அவர் எழுதியவை 1983இல் வெளிவந்தன. தூசி, வடமலைபுரம் ஆகியவற்றின் மறு ஆய்வுகளும் அடுத்தடுத்து வந்தன.

பாலக்குறிச்சியின் தொடர்வரலாறு தனியே கவனிக்கத்தக்கது. இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் அடங்கும் அந்த ஊர், 1968 டிசம்பர் 25 அன்று 44 தலித் உழைப்பாளர் குடும்பத்தினர் குடிசையோடு எரிக்கப்பட்ட கீழவெண்மணி இருக்கும் அதே வட்டாரத்தைச் சேர்ந்தது. 1916இல் மிராசுதாரரின் கணக்கில் வெறும் கூலிநெல்லாக மட்டும் இடம்பெற்ற பண்ணையாள், 1952இன் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்துக்கும் செங்கொடிச் சங்கத்துக்கும் பின்னர், கூலியின் அளவைப் பேரம்பேசித் தீர்மானிக்கும் தரப்பாக ஆய்வேடுகளுக்குள் நுழைந்தார். ஒரே ஊரை அடுத்தடுத்த தலைமுறைகள் எழுதியிராவிட்டால் இந்த மாற்றத்தின் அளவைக் காட்டத் தொடக்கப்புள்ளியே இருந்திராது.

2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் இருவேல்பட்டுக்குச் சென்றபோது, படியாள் முறை முதியோரின் நினைவில் மட்டுமே எஞ்சியிருந்தது. உழைப்பாளர்கள் ஊருக்கு வெளியே வேலை தேடிக்கொண்டதால் கூலி பேசும் வலிமை அவர்கள் பக்கம் சாய்ந்திருந்தது, ஊரின் வாழ்வு வயலை நம்பியிருந்த அளவும் குறைந்திருந்தது. பெரிய வீட்டின் ஆதிக்கம் தளர்ந்திருந்தது, ஆனால் முற்றாக அற்றுப்போகவில்லை. அது கைவிட்ட நிலத்தில் வன்னியர் கைக்குப் போனது கணிசமானது. 1916இல் அந்த நிலத்தை உழுதவர்களின் பேரப்பிள்ளைகளிடம் வந்து சேர்ந்ததோ மிகச் சொற்பம்.